வலது காலின் ஜீவிய சரித்திரம்

எங்கள் சபையில் யாராவது நோயில் படுத்தால் அவர்களைப் பார்க்க நான் போகக் கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறது. எழுதப்படாத சட்டம். எழுதினால் அது எந்தத் தேதியில் நிறைவேறியது என்று கேட்டு நான் உயிரை வாங்குவேன் என்பதால்தான் எழுதவில்லை என்று நினைக்கிறேன்.

காரணம் இது. பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடக்க ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன்னால் ஒருவர் எழுந்து இறந்தவரின் ஜீவிய சரித்திரத்தை வாசிப்பார். இன்ன ஊரில் இன்னாருக்கு இத்தனையாவது பிள்ளையாகப் பிறந்தார், இன்ன ஐயர் கையால் ஞானஸ்நானம் பெற்றார், பிறகு விடலை வயதில் சபையின் முழு அங்கமாக்கும் திடப்படுத்தல், திருமணம், உத்தியோகம், ஓய்வு, நோய், கர்த்தருக்குள் நித்திரை. போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். எங்கள் சபையில் இந்தச் சரித்திரங்களை எழுதுகிறவன் நான். பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். தேதி பிசகினால் எனக்குச் சாப்பாடு இறங்காது. துக்க வீட்டில் போய், அம்மாவுக்குத் திடப்படுத்தல் எந்த வருஷம் என்று கேட்டால் அழுதுகொண்டிருக்கிறவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். அதனால் ஆள் இருக்கும்போதே ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு, நோய் விசாரிக்கிற சாக்கில் போய், பேச்சோடு பேச்சாகத் தேதிகளைக் கேட்டு வந்துவிடுவேன்.

இதை வெகு நுட்பமாகச் செய்வதாக எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. சபை முழுவதற்கும் விஷயம் தெரியும் என்பது எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. சட்டைப் பையில் பேனாவோடு நான் ஒரு வீட்டுப் படி ஏறினால், சென்னையில் இருக்கிற பிள்ளைகளுக்கு ரயில் டிக்கெட் போடச் சொல்லிவிடுவார்களாம். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் நான் உள்ளே நுழைந்ததைப் பார்த்ததும் கட்டிலை விட்டு இறங்கிப் போய்த் துணி துவைக்க ஆரம்பித்தார். அவர் இன்னும் நன்றாக இருக்கிறார். என்னோடு பேசுவதில்லை.

ஊரார் சரித்திரத்தை எழுதுகிறவன் தன் ஆத்துமாவை மறந்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நித்திய ஜீவனுக்கு நான் ஆயத்தமாக இருந்தேன், அதுவும் பல வருஷங்களாக. அடக்கத்துக்குப் பாட வேண்டிய பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, எந்தச் சரணத்தை விட்டுவிடலாம் என்பதையும் குறித்து வைத்திருந்தேன். வெள்ளை வேட்டி சட்டை தனியாகப் பெட்டியில் இருந்தது. இதையெல்லாம் ஒருநாள் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மனைவி, "பரலோகத்துக்கு இம்புட்டு ஆயத்தமா இருக்கீய, கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல மறந்துட்டீயளே" என்றாள். அன்று மத்தியானம் கடையில் வாங்கிச் சாப்பிட்டோம்.

இந்தக் கட்டுரையில் தேதி எதுவும் வரக் கூடாது என்பதும் அவளுடைய நிபந்தனைதான். தேதி வந்தால் யாரும் படிக்க மாட்டார்களாம். ஒப்புக்கொண்டிருக்கிறேன். தேதிகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன, கேட்கத்தான் ஆள் இல்லை.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமான லெந்து நாட்களில் நடந்தது. என் நண்பர் ஒருவர் காலில் புண்ணோடு வண்ணார்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். ராதாபுரம் தடத்தில் சில காலம் ஓட்டினார், மற்ற காலமெல்லாம் பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும் மலைப்பாதையில். அவரும் நானும் ஒரே வகுப்பில் திடப்படுத்தல் எடுத்தவர்கள். அவர் மனைவி கடற்கரை ஊரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணமாகி எங்கள் சபைக்கு வந்து இத்தனை காலம் ஆகியும் ஆராதனை தொடங்கும்போது கை தானாகச் சிலுவை அடையாளம் போடும், எங்கள் சபையில் இல்லாத வழக்கம். முன்பெல்லாம் ஐயர்மார் கண்டும் காணாமல் இருந்தார்கள். இப்போது காண்பதுகூட இல்லை.

புதுச் செருப்பு கடித்த புண். சர்க்கரை நோய்க்காரர் என்பதால் ஆறவில்லை, கறுத்து மேலே ஏறிவிட்டது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், இந்த வாரத்தைத் தாண்டினால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செய்தி கேட்டதும் நான் சட்டையை மாட்டினேன். என் மனைவி வாசலை மறித்தாள்.

"நீங்க போவாதீய."

"என் கூட்டாளிடி. போகாம இருக்க முடியுமா?"

"கூட்டாளின்னாதான் போவாதீயங்கேன்."

போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கியிருக்கக் கூடாது. பேனாவையும் எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். நண்பர் கட்டிலில் சாய்ந்து படுத்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு பழப்பையை, பிறகு சட்டைப் பையை.

"வந்துட்டீரா வே" என்றார். "அப்ப சரி."

"என்ன அப்ப சரி? சும்மா பாக்க வந்தேன்."

"நீரு சும்மா போன வீடு ஒண்ணு சொல்லும் பாப்போம்."

நான் பழப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

"எழுதிக்கிடும்" என்றார் அவர், கண்டக்டரிடம் சில்லறை நீட்டுவதுபோல. "திடப்படுத்தல் உம்ம கூடத்தான், அந்தத் தேதி உமக்குத் தெரியும். கல்யாணத் தேதிய இவகிட்ட கேளும். நான் சொன்னா தப்பும்பா."

என் கை பேனாவுக்குப் போனது. அந்தக் கைக்கு அறிவு கிடையாது, பழக்கம்தான் உண்டு. ஜன்னலோரம் நின்றிருந்த அவர் மனைவி அதைப் பார்த்துவிட்டார். என்னை வெளியே வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். வராந்தாவில் மருந்து நெடியும் டீ வாசனையும் கலந்து கிடந்தன.

"அண்ணாச்சி, காலைல வரைக்கும் ஆபரேசனுக்குக் கையெழுத்துப் போடுதேங்காவ, பெறவு மாட்டேங்காவ, அப்படியும் இப்படியுமா இருந்தாவ. பேசிப் பேசி ஒரு வழிக்குக் கொண்டு வந்திருந்தேன். இப்ப உங்களப் பாத்ததும் ஒரேயடியா மாட்டேன்னு முடிவு பண்ணிட்டாவ."

"நான் ஒண்ணுமே சொல்லலியே தங்கச்சி."

"நீங்க சொல்லவா வேணும்? நீங்க வந்தாலே போதுமே. கெடுத்தது நீங்க, நீங்களே சரி பண்ணுங்க."

"நான் என்ன பண்ணுவேன்?"

"எனக்கென்ன தெரியும். நீங்க படிச்சவிய."

அந்தக் கடைசி வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். வீட்டுக்குப் போய் என் அலமாரியைத் திறந்து, மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் பற்றி நான் வாங்கி வைத்திருந்த தமிழ், ஆங்கிலப் புத்தகங்களை மேசையில் அடுக்கினேன். அவற்றில் பாதியை அன்றுதான் முதல் தடவையாகத் திறந்தேன். ஒருவன் காலை எடுப்பதற்குச் சம்மதிக்க வைப்பது எப்படி என்று எதிலும் இல்லை. ஆனாலும் குறிப்புகள் எடுத்தேன்.

மறுநாள் காலை பேனா இல்லாமல் போனேன். நண்பருக்குக் காய்ச்சல் கூடியிருந்தது, பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. ஏன் வே இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறீர் என்று கேட்டேன்.

"சாவுக்குப் பயந்தா பிடிவாதம் பிடிக்கேன்? நான் ஆயத்தமாத்தான் இருக்கேன். ஆனா போனா முழுசாப் போகணும். கடைசி எக்காளம் ஊதுனதும் செத்தவங்க எல்லாரும் குழிய விட்டு எந்திரிப்பாங்க. நான் மட்டும் ஒத்தக் கால்ல கெந்திக்கிட்டு வரணுமா? இந்தக் கால இவங்க எங்கனயோ கொண்டு போயி எரிச்சிருவாங்க. அன்னைக்கு நான் எங்கன போயித் தேடுவேன்?"

நான் காத்திருந்த கேள்வி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். விசுவாசத்துக்காக நெருப்பில் எரிந்தவர்களைச் சொன்னேன். மிருகங்களுக்கு இரையானவர்களைச் சொன்னேன். விதை மண்ணில் அழிந்து வேறு உருவில் முளைப்பதையும், எழும்பும் சரீரம் மகிமையின் சரீரம் என்பதையும் சொன்னேன். பழைய காலத்தில் இதே சந்தேகத்தைக் கேட்டவர்களையும் அவர்களுக்குச் சொல்லப்பட்ட பதில்களையும் வரிசைக்கிரமமாகச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர்கூட எழுந்து உட்கார்ந்து கேட்டார். நண்பர் கண்ணை மூடியிருந்தார்.

"முடிஞ்சுதா வே?" என்றார்.

"ஏறக்குறைய."

"நீரு சொன்ன ஆளுக யார்ட்டயும் கேட்டுட்டு எரிக்கல. சிங்கம் கையெழுத்து வாங்கிட்டா திங்கும்? என்கிட்ட கேக்காங்கள்ளா. கால எடுத்துக்கிடட்டான்னு தாள நீட்டுதாங்க. நானா கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, பெறவு ஆண்டவருக்கு முன்னால போயி நின்னு, காலக் காணும்னு சொல்ல முடியுமா? டெப்போவுல ஒரு ஸ்பேனர் தொலஞ்சாலே மெமோ குடுப்பான்."

இவ்வளவு காலம் நான் படித்ததில் எங்கேயும் இந்த வாதத்தைப் பார்த்ததில்லை. கோபம் வர வேண்டிய இடத்தில், இதை எழுதி வைக்க ஒரு பேனா இல்லையே என்ற வருத்தம்தான் எனக்கு வந்தது.

"வேற எந்த உறுப்பா இருந்தாலும் போகட்டும்னு விட்டிருப்பேன்" என்றார். "இது வலது காலு. எறக்கத்துல பிரேக்க மிதிச்சது எது? இதுதான். மழையில, மூடுபனியில, வண்டி நெறைய ஆள வச்சுக்கிட்டு. இதக் குப்பையில போடச் சொல்லுதீரே."

அதுவரை பேசாமல் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி தட்டைக் கீழே வைத்தார்.

"எங்கப்பா கடலுக்குப் போயி திரும்பி வரல. கட்டுமரமும் வரல, ஆளும் வரல. விரல் நகம்கூடக் கெடைக்கல. அப்ப எங்கப்பா எந்திரிக்க மாட்டாரோ?"

நண்பர் கண்ணைத் திறந்தார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அந்தம்மா தன் தகப்பனாரைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. நண்பர் கேட்டிருக்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"ஒங்கப்பா எந்திரிப்பாரு. நான் இல்லங்கல."

"பெறவு என்ன?"

"ஒங்கம்மா எங்கன போயி நின்னு அழுதா?"

"கடக்கரையில."

"கடக்கரையில எங்கன? ஒருநாள் கோயிலுக்கு நேரா, ஒருநாள் மணல்மேட்டுல. எந்த எடம்னு தெரியாம சாவுற வரைக்கும் மாறி மாறி நின்னான்னு நீதான சொன்ன?" குரல் தாழ்ந்துவிட்டது. "எனக்கு எடம் தெரியணும்ளா. அவ்வளவுதான்."

பக்கத்துக் கட்டில்காரர் மெதுவாகப் படுத்துக்கொண்டார். அந்தம்மா முந்தானையால் கையைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, நம்ம கல்லறைத் தோட்டத்துல அதுக்கு ஒரு குழி கேட்டு வாங்குங்க."

"எதுக்கு?"

"காலுக்குத்தான். வேற எதுக்கு?"

நண்பர் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினார். "குடுப்பாங்களா வே?" என்று கேட்டார். கேட்ட விதத்தைப் பார்த்தால் அவர் மனதில் அது முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். "எங்கம்மா பக்கத்துல எனக்குன்னு இருக்கிற எடத்துலயே வைக்கச் சொல்லும். பெறவு நானும் அங்கனதான வருவேன்."

"குடுத்தா?"

"இப்பவே கையெழுத்துப் போடுதேன்."

நான் ஐயர் வீட்டுக்கு ஓடினேன். எங்கள் ஐயர் என் மகனைவிட இளையவர். லெந்து கூட்டத்துக்குப் பிரசங்கம் தயாரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து ஸ்தோத்திரம் சொல்லி உட்கார வைத்தார்.

"ஒரு குழி வேணும் ஐயா" என்றேன்.

"யாருக்கு அண்ணாச்சி? எப்ப?" என்று பதறினார். டிரைவர் பெயரைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"அவருக்கு இல்ல. அவர் காலுக்கு. வலது காலு, முழங்காலுக்குக் கீழ."

"அப்ப அவரு?"

"அவரு இருக்காரு."

ஐயர் கண்ணைத் திறந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "காலுக்குன்னு ஆராதனை முறைமை ஒண்ணும் கெடையாதே அண்ணாச்சி."

அங்கேயே நான், குழி மட்டும் போதும் ஐயா என்று சொல்லி எழுந்திருக்க வேண்டும். நான் பதிவேட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அடக்கப் பதிவேட்டில் காலை எந்தப் பெயரில் எழுதுவது, வயது என்ன போடுவது, மரணத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் எதை எழுதுவது, பின்னால் ஆளும் போய்ச் சேரும்போது ஒரே மனிதருக்கு இரண்டு அடக்கத் தேதி வந்துவிடுமே, பிற்காலத்தில் இந்தச் சபையின் வரலாற்றை எழுத வருகிறவன் என்ன நினைப்பான், ஓர் அடிக்குறிப்பாவது வேண்டாமா. ஐயரின் மனைவி டீ கொண்டு வந்தார். நான் டீயைக் குடித்துக்கொண்டே அடிக்குறிப்பை எப்படி அமைக்கலாம் என்று விளக்கினேன்.

ஐயர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவருக்கு இப்ப காய்ச்சல் எவ்வளவு இருக்கு அண்ணாச்சி?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

"போயி குழி வெட்டச் சொல்லுங்க" என்றார் ஐயர். "நான் வந்து ஜெபம் பண்ணுதேன். பதிவேட்டப் பத்தி உயிர்த்தெழுதலுக்குப் பெறகு பேசிக்கிடலாம்."

வரப்போகிற ஈஸ்டரைச் சொல்கிறாரா, பொது உயிர்த்தெழுதலைச் சொல்கிறாரா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பிச் செய்தியைச் சொன்னதும் நண்பர் தாளை வாங்கினார். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கிறவர்போல ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை அறுவைச் சிகிச்சை. தள்ளுகட்டிலில் கொண்டு போகும்போது போர்வையைக் கொஞ்சம் விலக்கச் சொன்னார். கறுத்துப்போன அந்தப் பாதத்தை ஒருமுறை பார்த்தார்.

"பைய போ லே" என்றார் அதனிடம்.

அவர் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகன்கள் இரண்டு பேரும் வெளிநாட்டில். அந்தம்மா ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியாது. அதனால் மத்தியானம் ஆஸ்பத்திரியில் கொடுத்த கடிதத்தோடு பெட்டியை வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வேலை எனக்கும் என் மனைவிக்கும் வந்தது. துணியில் சுற்றி அட்டைப் பெட்டிக்குள் வைத்து ஒட்டிக் கொடுத்தார்கள். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு கால் இவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் எதிலும் படித்ததில்லை.

"மடியிலேயே வச்சிருக்கீயளே அண்ணாச்சி" என்றார் ஆட்டோக்காரர். "பின்னால வைங்க. எடம் கெடக்கு."

"இருக்கட்டும்."

"கண்ணாடிச் சாமானா?"

"ஆமா" என்றாள் என் மனைவி.

லெந்து நாளில் பொய் சொல்கிறாளே என்று அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியின் மறுபக்கத்தை அவளும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரர் அதற்குப் பிறகு ஒவ்வொரு பள்ளமாகப் பார்த்து இறக்கி ஏற்றிக் கொண்டு போனார்.

தோட்டத்தில் குழி தயாராக இருந்தது. ஆறடிக்கும் மேல் நீளமாக, ஆழமாக, சுவர் செதுக்கியதுபோல. வெட்டியவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"நல்ல மனுசன்" என்றார். "நெட்டையான ஆளுல்லா, அதான் கொஞ்சம் தாராளமாவே வெட்டிருக்கேன். பெட்டி பின்னால வருதா?"

"இதுதான் பெட்டி" என்று நான் கையில் இருந்ததைக் காட்டினேன். அவருக்குச் சொல்லி அனுப்பியவன் நான்தான். குழியின் இடத்தை, தாயார் கல்லறையிலிருந்து எத்தனை அடி என்பதை, எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லியிருந்தேன். யாருடைய எது என்பதைச் சொல்ல விட்டுப்போயிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெயிலில் வெட்டிய குழியைப் பார்க்க வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. "உசிரோட இருக்காரா?" என்று கேட்டார். "சரி, நல்லா இருக்கட்டும். முன்னாலயே சொல்லிருக்கலாம்லா." பாதிக் குழியைத் திரும்ப மூடினார்.

ஐயர் வந்தார். அங்கி இல்லாமல் வெள்ளைச் சட்டையில் வந்து சுருக்கமாக ஜெபித்தார். இந்தப் பாதம் நடந்த வழிகளுக்காக நன்றி சொன்னார், ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடக்கிறவருக்காக மன்றாடினார். ஆமென் சொன்னதும் என் சட்டைப் பையைப் பார்த்தார். மடித்த தாள் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"எழுதிருக்கீங்களோ அண்ணாச்சி?"

எழுதியிருந்தேன். அதிகாலையில் தூக்கம் வராமல், வேறு என்ன செய்வது என்று தெரியாமல் எழுதியது. யாருக்கும் காட்டுகிற எண்ணம் இல்லை.

"வாசிங்க" என்றார் ஐயர்.

வாசித்தேன். நண்பரின் வலது காலாகிய இது, தன் உடன்பிறப்பாகிய இடது காலோடு ஒரே நாளில் பிறந்து, ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றது. சிறுவயதில் தாமிரபரணியில் நீந்தப் பழகியது. பள்ளிக்கூடத்தில் பந்து உதைத்ததில் கோயில் ஜன்னல் கண்ணாடி ஒன்றை உடைத்து, அதற்காக முழங்கால் போட்டு நின்றது. அரசுப் பேருந்தில் வேலைக்குச் சேர்ந்து, மலைப்பாதையில் பிரேக் மிதியின் மேல் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தது. தன்னை நம்பி ஏறிய ஒருவரையும் அது பள்ளத்தில் விட்டதில்லை. திருமண நாளில் இடது காலுக்கு முன்பாக இதுதான் பீடத்தின் முன் எடுத்து வைக்கப்பட்டது. சில மாதங்கள் நோயுற்றிருந்து, தன்னை உடையவர் பிழைத்திருக்கும்படி—

அந்த இடத்தில் நான் தாளை இறக்கிவிட்டேன். எத்தனையோ பேருக்குச் சரித்திரம் வாசித்திருக்கிறேன். என் சொந்தத் தகப்பனாருக்கே தடுமாறாமல் வாசித்து, என்ன கெட்டியான மனது என்று பெயர் வாங்கியவன். ஒரு காலுக்கு முன்னால் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். என் மனைவி தாளை வாங்கி மிச்சத்தை வாசித்தாள். வாசித்த பிறகு, கல்யாணத் தேதியைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள் என்றாள். உண்மைதான். நான் நண்பரிடம் கேட்டிருந்தேன், அவர் மனைவியிடம் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து நண்பரைப் பார்க்க விட்டார்கள். காய்ச்சல் இறங்கியிருந்தது. டாக்டருக்கு நம்பிக்கை வந்திருந்தது. நண்பர் என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "விரலு கெழக்க பாத்தாப்ல வச்சீரா வே?"

எங்கள் கல்லறைகளில் தலை மேற்கே, கால் கிழக்கே. எழுந்திருக்கும்போது கிழக்கு நோக்கி நிற்க வேண்டும் என்பதற்காக. இது சபையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குழியின் ஆழம், மூடிய நேரம், தாயார் கல்லறையிலிருந்து தூரம், வந்திருந்தவர்கள், வெயில், எல்லாவற்றையும் நான் குறித்து வைத்திருந்தேன். பெட்டிக்குள் பாதம் எந்தப் பக்கம் இருந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

கிழக்கே என்று சொல்லிவிட ஒரு வினாடி ஆகாது. அந்தம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கல வே" என்றேன். "பெட்டி ஒட்டியிருந்துச்சு. எனக்குத் தோணல."

"நீரு பாக்கலியா?"

"இல்ல."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வேண்டுமானால் தோண்டிப் பார்த்துவிடலாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவர் வயிறு குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்து எழுந்துவிட்டேன்.

"மேக்க பாத்திருந்தா என்ன வே" என்றார், சிரிப்பும் வலியுமாக. "ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமலா எனக்கு லைசென்ஸ் குடுத்தான்?"

"சிரிக்காதீய, தையல் பிரியும்" என்று அந்தம்மா அதட்டினார். அதட்டிவிட்டு அவரும் சிரித்தார்.

ஈஸ்டர் அதிகாலை ஆராதனை எங்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில்தான். சக்கர நாற்காலியில் அவரைத் தள்ளிக்கொண்டு வந்து, தாயாருக்கும் தன் காலுக்கும் நடுவில் நிறுத்தினார்கள். வந்தவர்கள் அவருக்கு ஈஸ்டர் வாழ்த்துச் சொல்வதா, துக்கம் விசாரிப்பதா என்று தெரியாமல் திணறினார்கள். அவர் எல்லோருக்கும் இடத்தைக் காட்டினார். அந்தம்மா அந்தச் சின்ன மண்மேட்டில் கொஞ்சம் அரளிப்பூ வைத்துச் சிலுவை அடையாளம் போட்டார். பிறகு அங்கேயே, நகராமல், வெகு நேரம் நின்றார்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் செயற்கைக் கால் வந்துவிட்டது. பழகிக்கொண்டார். கோயிலுக்குத் தானாக நடந்து வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து என்னைத் தனியாக அழைத்தார். முகம் கவலையாக இருந்தது.

"ஒரு விசயம் வே. நான் போகும்போது இத மாட்டியே பொதச்சிட்டாங்கன்னா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்?"

"அங்கன ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. எந்திரிக்கும்போது மூணுல்லா ஆயிரும்."

ஐயரிடம் கேட்டோம். ஐயர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இனிமேல் இந்தக் கால் சம்பந்தமாக எதையும் தன்னிடம் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

"அப்ப நீருதான் பாத்துக்கிடணும்" என்றார் நண்பர் வெளியே வந்து. "அவ அழுதுக்கிட்டு இருப்பா. பயலுக வந்து சேர நேரமாகும். பெட்டிய மூடுறதுக்கு முன்னால நீரு கழட்டிரணும்."

"எனக்கும் உம்ம வயசுதான் வே. நான் முன்னால போயிட்டா?"

"போவப்படாது" என்றார், கூட்டம் நிறைந்த பேருந்தில் படியில் தொங்குகிறவனிடம் சொல்வதுபோல. "உமக்கு அங்கன என்ன அவசரம்? சர்க்கரை பாத்தீரா? பாக்கலேல்ல? நாளைக்கே போயிப் பாரும்."

மறுநாள் என் மனைவி கூட வந்து பார்க்க வைத்தாள். இனிப்பு போயிற்று, காலையில் நடை வந்தது. அடுத்த வாரம் நண்பர் வீட்டில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து வேட்டியை ஒதுக்கிக் காலை நீட்டினார். நான் தரையில் உட்கார்ந்து, வார் எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் இழுத்தால் தளரும் என்று கேட்டுக் கேட்டுக் கழற்றினேன். ஒரு வார் சிக்கிக்கொண்டது. அந்தம்மா குனிந்து எடுத்துவிட்டார். மறுபடி மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றச் சொன்னார். இந்தத் தடவை கொஞ்சம் சீக்கிரம் வந்தது.

"தேவல" என்றார். "ஆனா இன்னும் பழகணும் வே."